இரட்டையர் நாடகம்: சாவுக் காட்சியை என்ன செய்வது?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
தை நோன்பிக்கு எங்கள் ஊரில் இத்தாலிய நாடகாசிரியர் கார்லோ கோல்டோனியின் 'வெனிஸ் இரட்டையர்' நாடகத்தைத் தமிழாக்கிப் போடப்போகிறோம். 1747இல் எழுதியது. 1963இல் ஜெனோவா நகரில் ஸ்குவார்சினா இயக்கத்தில் ஆல்பெர்டோ லியோனெல்லோ இரு வேடங்களையும் ஏற்றுப் புகழ்பெற்றார். நானும் இரண்டையும் ஏற்கிறேன். இரட்டையரில் அசடனான சனெத்தோ நஞ்சுண்டு மேடையிலேயே சாகிறான். சிரித்துக்கொண்டிருக்கும் சனம் என்ன செய்யும்? அந்தக் காட்சியை வெட்டிவிடலாமா?

பதில் (பவானி):
வெட்டாதீர்கள், தம்பி! பெண்கள் தொல்லை தீரும் என்று நம்பித்தான் அவன் அந்த நஞ்சுப் பொடியை விழுங்குகிறான். அந்த வெகுளித்தனம்தான் நெஞ்சை அடைக்கும். நம் கூத்தில் கட்டியங்காரன் சிரிக்கவைத்த அதே இரவில்தானே அபிமன்யுவுக்காக அழுகிறோம்?

பதில் (பெருந்துறை):
நான் மேடைக்குப் பின்னால் உடை எடுத்துக் கொடுப்பவன். ஒரே நடிகர் என்பதால் இரட்டையர் நேருக்கு நேர் நிற்கவே முடியாது. உடைமாற்றும் நேரத்தில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. பொத்தான் வேண்டாம். சனெத்தோவுக்குத் தோளில் பச்சைத் துண்டு, இன்னொருவனான தோனினோவுக்கு மேல்சட்டை. கூன், நடை, குரல் மூன்றும் மாறட்டும்.

கேட்டவர்:
நன்றி, அண்ணா. சனெத்தோவைத் தாளவாடி மலையிலும் தோனினோவைக் கோவையிலும் வளர்ந்தவர்களாக மாற்றிவிட்டேன். சாவுக் காட்சி இருக்கும். நேற்று ஒத்திகையில் தவில்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.