ஜோஸ்டின் முயல் சோதனைக்குத் தமிழில் படம் இருக்கிறதா?

வணக்கம். பிளஸ் டூ விலங்கியல் பிள்ளைகளுக்கு ஆல்ஃபிரட் ஜோஸ்டின் சோதனையைச் சொல்லித்தரப் போகிறேன். 1940களில் பிரான்சில், தாய் முயலின் வயிற்றிலிருந்த கருக்களின் இனச்சுரப்பிகளை, உறுப்புகள் ஆண் பெண் எனப் பிரியும் முன்பே அவர் எடுத்துவிட்டார். மரபில் ஆணோ பெண்ணோ, எல்லாவற்றிலும் கருப்பையும் கருக்குழாயும்தான் வளர்ந்தன. அப்புறம்தான் விந்தகத்தின் இரட்டை வேலை புரிந்தது: எந்தக் கருவிலும் முதலில் இருக்கும் இரு குழாய்களில், ஒரு சுரப்பு ஆண் உள்ளுறுப்புகளாக வளரும் ஆண் குழாயைக் காக்கிறது, இன்னொன்று கருப்பையும் கருக்குழாயுமாக வளரும் முல்லர் குழாயை அழிக்கிறது. எவ்வளவு அழகான சோதனை!

ஆனால் "பெண் தானாக உருவாகிறது" என்று பாடத்தை அங்கேயே நிறுத்த மனம் வரவில்லை. பெண் சுண்டெலிக் கருவில் ஆண் குழாயை அகற்ற ஒரு புரதம் தேவைப்படுவதை 2017இல் காட்டிவிட்டார்களே. இரண்டையும் சேர்த்து விளக்கும் தமிழ்ப் படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். கையால் வரைந்ததானாலும் சரி.