அம்பாந்தோட்டை கடனுக்காகத்தான் பறிபோனதா?

வெள்ளவத்தைத் தம்பி:
நேற்றுப் பின்னேரம் காலிமுகத்திடலில் மகள் கொழும்புத் துறைமுக நகரைக் காட்டி, "அப்பா, அது ஆருடைய இடம்?" என்று கேட்டாள். 269 ஹெக்டேயர் கடலை நிரப்பினார்கள், அதில் 116 ஹெக்டேயர் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகை என்று சொன்னேன், அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகமும் கடன் கட்ட முடியாமல்தான் சீன நிறுவனத்திடம் குத்தகைக்குப் போனதாம். சீனா திட்டம் போட்டுச் செய்ததா, எங்கள் ஆட்கள் கொண்டுபோய்க் கொடுத்ததா?

பழைய கணக்கர்:
தம்பி, கடனுக்குப் பறித்தார்கள் என்ற கதை பிழை. 2017இல் குத்தகைக்கு வந்த 112 கோடி டொலர் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை, டொலர் கையிருப்பைக் கூட்டத்தான் போனது, கடன் எங்கள் தலையிலேயே இருந்தது. அந்த நேரம் கழுத்தை நெரித்தது வெளிநாட்டுச் சந்தையில் அரசாங்கம் விற்ற பிணைமுறிகள், அதாவது கடன் பத்திரங்கள். துறைமுகத்தின் முதல் கட்டத்துக்கு சீன அரசின் எக்சிம் வங்கியிடம் 6.3 வீத வட்டிக்குக் கடன் எடுத்ததும் எங்கள் அரசாங்கம்தான். கையைப் பிடித்து ஒருவரும் கையெழுத்து வாங்கவில்லை.

கொட்டாஞ்சேனை அக்கா:
அண்ணை சொல்வது சரி, ஆனால் அதோடு சீனாவை விட்டுவிட முடியாது. அவர்கள் வந்தது 2007இல் துறைமுகக் கடனோடு இல்லை. 1952இல் அரிசிக்கு நாடு தவித்த நேரம் இறப்பரைச் சந்தை விலையைவிடக் கூடக் கொடுத்து வாங்கி அரிசி தந்தார்கள், அப்போது இரண்டு நாட்டுக்கும் தூதரக உறவுகூடக் கிடையாது. 1973இல் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தை அன்பளிப்பாகக் கட்டித் தந்தார்கள். அப்புறம் 2012இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் போர்க்கால மீறல்களுக்குப் பொறுப்புக்கூறக் கேட்டு இலங்கை மீதான தீர்மானம் வந்தபோது இந்தியா ஆதரித்தது, சீனா எதிர்த்து வாக்களித்தது. எங்கள் தமிழ்ச் சனம் நீதி கேட்டு நின்ற இடத்தில் அந்தக் கை யார் பக்கம் உயர்ந்தது என்பதை நான் மறக்கமாட்டேன். கொழும்பில் எந்தக் கட்சி வந்தாலும் அவர்கள் கதவைத் தட்டுவதற்கு இத்தனை வருடப் பழக்கம்தான் காரணம், கடன் அதில் ஒரு பகுதி மட்டும்.

தீவான்:
எங்கள் பக்கத்தையும் பாருங்கள். யாழ்ப்பாணத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின் திட்டத்தை 2021இல் சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள், இந்தியா எதிர்த்தது, பிறகு இந்திய நன்கொடைக்கு மாறியது. எங்களுக்குக் கரண்ட் வேண்டும், அதை ஒரு இழுபறியாக்கிவிட்டார்கள்.

பழைய கணக்கர்:
அக்கா, ஜெனீவா விஷயத்தில் மறுபேச்சில்லை. தம்பி, மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: நிலம் எங்களுடையதுதான், ஆனால் அந்த 116 ஹெக்டேயர் கைக்குத் திரும்பி வரும்போது அவளுடைய பேரப்பிள்ளைகளுக்கும் வயதாகியிருக்கும்.