மறு: மறு: எலி வாங்கிய கதிருக்கு ஒரு சொல், வியாழனுக்குள்

சுங்கை சிப்புட், டீச்சர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நம் நூல்நிலையச் சிற்றேட்டுக்கு ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அச்சகக்காரர் வியாழனுக்கு மேல் பொறுக்கமாட்டாராம். விஷயம் இது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு வெடித்தபோது மண்ணிலிருந்த மாங்கனீசு நியூட்ரான் பட்டு மாங்கனீசு-56 ஆனது. சுமார் 2.6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் பொருள். பிறகு நகருக்குள் போனவர்கள் அந்தத் தூசியைச் சுவாசித்திருந்தால் உடம்பு என்ன ஆகியிருக்கும்? அதை அறிய, கசக்ஸ்தானின் குர்ச்சாத்தோவில் மாங்கனீசு டைஆக்சைடு பொடியை அணு உலையில் வைத்துக் கதிரியக்கமாக்கி, பெட்டிக்குள் அடைத்த எலிகள்மேல் தூவினார்கள். அப்புறம் உறுப்புகளைத் தனித்தனியே எடுத்து, காமா கதிரை அளந்து, எங்கே எவ்வளவு ஆற்றல் இறங்கியது என்று கணக்கிட்டார்கள். நுரையீரலைவிடக் குடலில் அதிகம்.

அந்த 'எவ்வளவு இறங்கியது' என்பதற்குத்தான், ஆங்கிலத்தில் டோஸ் (dose) என்பதற்கு, தமிழ்ச்சொல் வேண்டும். இப்போதைக்கு 'கதிர்வீச்சு மருந்தளவு' என்று போட்டு வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

கிள்ளான்:

மருந்தளவு வேண்டாம் அக்கா. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு மருந்து என்றால் முதுகில் பம்பு மாட்டிப் புல்லுக்கு அடிப்பது. பாராகுவாட் களைக்கொல்லியை எலிக்குக் கொடுத்தார்களா என்று கேட்பான். டோஸ் என்றே போடுங்களேன். மலாயில் 'டோஸ்' என்றே வைத்துக்கொண்டார்கள். தடுப்பூசிக் காலத்தில் நம் பாட்டிகளே 'ரெண்டு டோஸ் போட்டாச்சு, பூஸ்டர் பாக்கி' என்று பேசியவர்கள்தானே.

தெலுக் இந்தான்:

'எலி டோஸ் வாங்கியது' என்று அச்சிட்டால், தோட்டத்துக் கிராணியாரிடம் (எழுத்தரிடம்) ஏச்சு வாங்கியது என்றுதான் நம் மக்கள் படிப்பார்கள். பாட்டிகளைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம் தம்பி.

கிள்ளான்:

சரி ஐயா, மாத்திரை? முதலில் ஒலியின் அளவு, பிறகு மருந்தின் அளவு, பிறகு அந்த உருண்டைக்கே பெயர். 'கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை' என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். கதிர்மாத்திரை!

தெலுக் இந்தான்:

தொல்காப்பியர் ஆண்டதாலேயே அது தமிழ்ச்சொல் ஆகிவிடாது, வடமொழி மாத்ரா. அவரிடமே நல்ல தமிழ் இருக்கிறது: அளபு. 'மூவளபு இசைத்தல் ஓரெழுத்து இன்றே.' அளபெடை என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதன் முற்பாதி. குறிலுக்கு ஓர் அளபு, நெடிலுக்கு இரண்டு, அதற்கு மேல் வேண்டுமானால் இன்னோர் எழுத்தைக் கூட்டி நீட்ட வேண்டும். ஓர் உயிர் தாங்கும் அளவுக்கு எல்லை உண்டு என்ற கருத்தே அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே கதிரளபு.

சுங்கை சிப்புட், டீச்சர்:

ஐயா, அழகான சொல். ஆனால் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் பையன் எழுத்துப்பிழை என்று நினைத்து 'கதிரளவு' என்று திருத்திவிடுவான். அவனை நான் அறிவேன்.

பினாங்கு:

கதிரளவும் ஆகாது டீச்சர். காற்றில் எவ்வளவு கதிர் இருக்கிறது என்பதையும் அது குறிக்கும். இங்கே வேண்டியது உடலுக்குள் தங்கிய ஆற்றல். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் அது ஒரு கிரே என்ற அலகு. (கிரே என்பது ஆள் பெயர், சாம்பல் நிறமில்லை; போன தடவை யாரோ அப்படி மொழிபெயர்த்திருந்தார்கள்.) அந்தக் கதிர் எந்த வகை, எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதையும் பெருக்கிச் சேர்த்தால் சிவேர்ட் என்ற அலகு. தோட்டத்து ஆயக்கொட்டகையில் ரப்பர் பாலை எத்தனை லிட்டர் என்று அளப்பது ஒன்று, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை விட்டுப் பார்த்து உலர்ந்த ரப்பர் எத்தனை கிலோ என்று எழுதுவது வேறொன்று, கூலி இரண்டாவதற்குத்தான். அதுபோல.

மாங்கனீசு-56 விடுவது பீட்டாவும் காமாவும். அவற்றுக்குப் பெருக்கும் எண் 1, அதனால் கிரேயும் சிவேர்ட்டும் ஒரே எண்ணாக வரும். ஆல்ஃபாவுக்கு 20. நம் பேராக்கில் ஈய லம்பத்து (சுரங்கத்து) அமாங்கில், அதாவது ஈயம் எடுத்த பின் மிஞ்சும் மணலில், கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் இருப்பது தோரியம். அது ஆல்ஃபா விடுவது. அந்த மோனசைட்டைப் பிரித்தெடுத்த புக்கிட் மேரா ஆலை 1994இல் மூடப்பட்டும் இன்றுவரை மக்கள் கேட்பது அந்தத் தூசியைப் பற்றித்தான். எலிக் கட்டுரையைப் படித்துவிட்டு அதையும் கேட்பார்கள். ஆகவே இரண்டையும் ஒரே சொல்லில் குழப்பக் கூடாது.

கோயம்புத்தூர்:

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'உட்கவர்தல்' ஏற்கெனவே இருக்கிறது. 'உட்கவர் அளவு' என்று முடித்துக்கொள்ளலாமே.

கிள்ளான்:

இங்கே கவர் என்றால் அங்பாவ் (அன்பளிப்புப் பணம்) வைக்கும் உறை, சார். எலிக்கு உள்ளே கவரா?

பினாங்கு:

'கதிரேற்பளவு' எப்படி? கதிர், ஏற்பு, அளவு. மூன்றும் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள்.

சுங்கை சிப்புட், டீச்சர்:

வாயில் நிற்கிறது. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் சொல்லிப் பார்த்தேன். 'வெயில் ஏத்துக்கிற அளவா, டீச்சர்?' என்றாள். கிட்டத்தட்ட வந்துவிட்டாள். வேறு மறுப்பு இல்லையென்றால் இதையே போடுகிறேன். சிவேர்ட்டுக்கு இந்த இதழில் தனிச்சொல் வேண்டாம். ஒரு வரியில் விளக்கிவிடுகிறேன்.

கோயம்புத்தூர்:

உடன்பாடு இல்லை, ஆனால் தடுக்கவில்லை.

கிள்ளான்:

போடுங்கள் அக்கா. அடைப்புக்குறிக்குள் டோஸ் என்றும் ஒருமுறை. என் அம்மா படிக்க வேண்டும்.

தெலுக் இந்தான்:

என் மறுப்பைப் பதிவு செய்க. ஏற்றல் என்பது மனமுவந்து வாங்குவது. 'ஏற்பது இகழ்ச்சி' என்றாலும் அங்கே கை நீட்டுபவன் ஒருவன் இருக்கிறான். எலி எதையும் ஏற்கவில்லை. அதைப் பெட்டியில் அடைத்துத் தூவினார்கள்.

பினாங்கு:

ஐயா, ஏற்பி, வாங்கி என்றெல்லாம் உயிரில்லாத பொருளுக்கே சொல்கிறோம். இடிதாங்கி இடியை விரும்பியா தாங்குகிறது?

தெலுக் இந்தான்:

தாங்கி! தாங்கலளவு என்று ஏன் யாரும் சொல்லவில்லை?

சுங்கை சிப்புட், டீச்சர்:

ஐயா, கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. தோரியம் கட்டுரைக்குச் சிவேர்ட் கணக்கைக் குறிக்க ஒரு சொல் வேண்டும், அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். தாங்கலை அங்கே கொண்டு வாருங்கள்.