பட்ஜெட்டுக்குள் பெரிய டெலஸ்கோப்: கடலூர், புதுச்சேரிக்காரர்களின் அனுபவம்

லாஸ்பேட்டையிலிருந்து

டெலஸ்கோப் என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" பெரிதாகக் காட்டுவது ஐபீஸின், அதாவது கண் வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸ் குழலின், வேலை. அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது கண்ணாடியின் விட்டம். எவ்வளவு ஒளியை அது வாங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பல வருஷமாக என்னிடம் இருந்தது கண்ணாடியால் ஒளியைக் குவிக்கிற 114 மி.மீ. நியூட்டோனியன். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் 8 இன்ச் டாப்சோனியனுக்கு மாறினேன், அதுவும் நியூட்டோனியன்தான், தரையில் வைக்கிற அடிப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும். 8 இன்ச் என்றால் 203 மி.மீ. விட்டத்தின் வர்க்கக் கணக்கில் ஒளி கூடும் என்பதால் பழையதைவிட மூன்று மடங்குக்கும் கொஞ்சம் அதிகமாகவே ஒளி கிடைக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்தில் நள்ளிரவுக்கு ஒமேகா சென்டாரி தெற்கே உச்சிக்கு வரும். சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் அடைந்து கிடக்கும் கொத்து அது. பழைய டெலஸ்கோப்பில் அதன் ஓரம் மட்டும் புள்ளி புள்ளியாகப் பிரியும், நடுப்பகுதி கலங்கலான வெளிச்சமாகவே நிற்கும். 8 இன்ச்சில் 10 மி.மீ. ஐபீஸ் போட்டு 120 மடங்கில் பார்த்தபோது நடு வரைக்கும் நட்சத்திரம். என் மகள் கண்ணை எடுக்கவே இல்லை, "அம்மா, உள்ளே போகப் போக வந்துகிட்டே இருக்கு" என்றாள். டெல்லிக்காரர்களுக்கு அந்தக் கொத்து 14 டிகிரிக்கு மேல் ஏறாது. நமக்கு 30 டிகிரி வரை ஏறும். நம் ஊரில் இருந்துகொண்டு தெற்கு வானத்தைப் பார்க்காமல் இருப்பது பெரிய நஷ்டம்.

வாங்குவதற்கு முன் என் முன்னால் மூன்று வழி இருந்தது. தானாகவே கோளைத் தேடிப் பிடிக்கிற மோட்டார் வைத்த 130 மி.மீ., 8 இன்ச் டாப்சோனியன், கொஞ்சம் கடன் வாங்கினால் 10 இன்ச். மோட்டார் உள்ளதில் காசில் பெரும்பகுதி மின்னணுச் சாமானுக்குப் போய்விடும், கண்ணாடிக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். அதனால் அதை முதலிலேயே விட்டுவிட்டேன். 10 இன்ச்சைப் பாகூர் ஏரிக்கரையில் ஒரு நண்பரிடம் தூக்கிப் பார்த்தேன். டியூபைக் கட்டிப்பிடித்துத்தான் தூக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. 8 இன்ச்சில் டியூப் ஏறக்குறைய 10 கிலோ, அடிப்பெட்டியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டு நடையில் நானே மேலே கொண்டுபோய்விடுகிறேன். 10 இன்ச் இன்னும் ஒன்றரை மடங்கு ஒளி தரும், உண்மைதான். ஆனால் தூக்க ஆள் தேடுகிற டெலஸ்கோப் வாரக்கணக்கில் மூலையிலேயே நிற்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஸ்டாண்டைப் பற்றி நம் ஊருக்கென்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு நிறைய பேர் எக்வட்டோரியல் மவுண்ட், அதாவது வானம் சுற்றுவதற்கு ஏற்றபடி ஒரே அச்சில் திருப்புகிற ஸ்டாண்ட், வேண்டும் என்கிறார்கள். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். புதுச்சேரி இருப்பது 12 டிகிரி அட்சரேகையில், அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 12 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். எங்கள் தெருவில் அந்த உயரத்தில் இருப்பது தென்னை மட்டையும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும். சில மவுண்டுகளை அவ்வளவு கீழே இறக்கவே முடியாது, இறக்கினாலும் எடைக்கட்டி போய் ஸ்டாண்டின் காலில் இடிக்கும். டாப்சோனியனுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. தரையில் வை, கையால் திருப்பு, பார். ராமகிருஷ்ண மடத்தின் வழியில் சான் பிரான்சிஸ்கோவில் துறவியாக இருந்த ஜான் டாப்சன் ஏழை எளியவர்களும் வானத்தைப் பார்க்கட்டும் என்று அட்டைக் குழாயும் ஒட்டுப்பலகையும் கப்பல் சன்னல் கண்ணாடியும் வைத்துச் செய்த அமைப்பு இது. 1968இல் நண்பர்களோடு சேர்ந்து நடைபாதையிலேயே டெலஸ்கோப்பை நிறுத்திப் போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட ஆரம்பித்தார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆல்ஃபா சென்டாரி ஒற்றை நட்சத்திரம் இல்லை, இரட்டை என்று 1689 டிசம்பரில் முதலில் கண்டவர் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார். அவர் அதைக் கண்டது இதே புதுச்சேரியிலிருந்து! வால்நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டிருக்கிறது. வைகாசியில் இரவு பத்து, பதினொரு மணிக்குத் தெற்கே தடை இல்லாத மாடியிலிருந்து பாருங்கள், 17 டிகிரி உயரத்தில் நிற்கும். இரண்டு மஞ்சள் நட்சத்திரங்கள் ஒட்டி ஒட்டி. அதைப் பார்க்க 8 இன்ச் கூட வேண்டாம், என் பழைய 114லேயே பிரிந்தது. சின்ன டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் இதற்காகவாவது ஒரு ராத்திரி மாடி ஏறுங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து

அக்கா சொன்னதெல்லாம் சரி. உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீடு கடலுக்கு அவ்வளவு பக்கம்.

என்னுடையதும் டாப்சோனியன்தான், 6 இன்ச். கண்ணாடியின் மேல் இருப்பது அலுமினியப் பூச்சு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்கு மேலே பாதுகாப்புப் பூச்சு ஒன்று உண்டு. இருந்தாலும் பனி இறங்கி, உப்பும் தூசியும் சேர்ந்து, ஈரத்தோடேயே மூடி வைத்தால் ஊசிக்குத்துப் போலப் பூச்சு போக ஆரம்பிக்கும். நான் செய்வது இதுதான்: பார்த்து முடித்ததும் உடனே மூடி போடுவதில்லை. டியூபை உள்ளே கொண்டுவந்து, ஃபேன் காற்றில் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு மூடுகிறேன். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுவேன், மாதத்துக்கு ஒருமுறை வாணலியில் லேசாகச் சூடு காட்டித் திரும்பப் போடுவேன்.

ஏசி அறையில் வைக்கவே வைக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடி நம் ஊர்க் காற்றுக்கு வந்ததும் அப்படியே வியர்த்துவிடும். அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது, ஈரமும் கூடவே உப்பைக் கொண்டுவந்து படிய வைக்கும்.

தூசியைக் கண்டு பயப்பட வேண்டாம். கொஞ்சம் தூசி இருந்தால் காட்சி கெடாது, துடைத்தால்தான் கீறல் விழும். ரொம்ப மோசமானால் மட்டும் கழுவுங்கள். கண்ணாடி மேல் தண்ணீர்க் குழாயை மெதுவாகத் திறந்துவிட்டுத் தூசியை ஓடவிட வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரில் கண்ணாடியை ஊறவைத்து, பஞ்சை அதன் சொந்தக் கனத்திலேயே, கை அழுத்தமே இல்லாமல், ஒரே திசையில் இழுக்க வேண்டும். ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு, அதைத் திரும்பத் தொடக்கூடாது. எங்கள் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகக் கறை நிற்கும். அதனால் கடைசி அலசல் பேட்டரி கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டரில். அப்புறம் செங்குத்தாகச் சாய்த்து வைத்துவிட்டால் தானே வடிந்துவிடும்.

டாப்சோனியன் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் அடிப்பெட்டி. பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் வரும். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று முடிவதற்குள் என்னுடையது ஓரத்தில் ஊறிப் பிஸ்கட் மாதிரி உப்பிவிட்டது. திருகாணி பிடிக்கவில்லை, திருப்பினால் தடக்தடக்கென்று குதிக்கும். எங்கள் தெரு ஆசாரியிடம் அளவு கொடுத்து 18 மி.மீ. மரைன் பிளைவுட்டில் புதிதாகச் செய்து வாங்கினேன். அடித்தட்டின் மேல் சன்மைக்கா ஒட்டி, அதற்கு எதிரே மூன்று டெஃப்லான் துண்டு வைத்து ஆணி அடித்திருக்கிறார். இப்போது ஒரு விரலால் தள்ளினால் போகிறது, விட்டால் அங்கேயே நிற்கிறது. புதிதாக வாங்கியவர்கள் முதல் வேலையாக வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

வானம்? மேற்கே நெய்வேலி வெளிச்சம், தெற்கே சிப்காட் வெளிச்சம். கிழக்கே கடல் இருட்டு. அதனால் நான் கிழக்கில் ஏறி வருவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து

பழையதாக வாங்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் ஓய்வூதியக்காரன், புது 8 இன்ச் எனக்குக் கட்டுப்படியாகாது. பழையதில் நல்லது கிடைத்தது.

விற்கிறவர் வீட்டுக்குப் பகலில் போகாதீர்கள், இரவில் போங்கள். டார்ச்சை அடித்துக் கண்ணாடியைப் பார்த்தால் எந்தக் கண்ணாடியும் அழுக்காகத்தான் தெரியும், அதை வைத்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பூச்சு போய்ப் பின்பக்கம் ஒளி ஊடுருவுகிறதா என்பதுதான் கேள்வி. பிறகு பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை நடுவில் வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வளையங்கள் தெரிந்தால் நல்லது. வளையங்கள் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் கொலிமேஷன், அதாவது கண்ணாடிகளின் நேர்கோடு, விலகியிருக்கிறது, திருகாணியைத் திருப்பிச் சரிசெய்துவிடலாம். வட்டம் முக்கோணமாக இழுத்திருந்தால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் கவ்விகள் இறுக்கமாக இருக்கின்றன. அதுவும் சரியாகக் கூடியதே. நான் வாங்கியதில் இப்படித்தான் இருந்தது. தளர்த்தியதும் வட்டமாகிவிட்டது, விலையிலும் நல்ல குறைப்பு.

ஒன்றை மட்டும் தொடவே வேண்டாம். பெட்டியில் 114 மி.மீ., குவியத் தூரம் (கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரை) 1000 மி.மீ. என்று போட்டிருக்கும், டியூப் அரை மீட்டர்தான் இருக்கும். நியூட்டோனியனில் டியூப் நீளமும் குவியத் தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இதில் ஐபீஸைச் செருகும் ஃபோகஸருக்குள் ஒரு லென்ஸை ஒளித்து வைத்துத் தூரத்தைக் கூட்டியிருப்பார்கள். மலிவு லென்ஸ் என்பதால் படம் கூர்மையாகவே வராது, கொலிமேஷன் செய்வதும் தலைவலி. கையில் ஒரு அளவு டேப் கொண்டுபோங்கள், போதும்.

பாகூரிலிருந்து

வணக்கம். நான் கல்லூரியில் படிக்கிறேன், கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. ஏரிக்கரையில் அக்காவின் டெலஸ்கோப்பில் சனி வளையம் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. இப்போதே ஏதாவது வாங்கலாமா, 8 இன்ச்சுக்குச் சேர்த்து வைக்கலாமா? போட்டோவும் எடுக்க ஆசை.

லாஸ்பேட்டையிலிருந்து

தம்பி, போட்டோவை இப்போதைக்குத் தள்ளி வை. நிலாவை மொபைலில் எடுக்கலாம், கோளை வீடியோவாக எடுக்கலாம், அதற்கு டாப்சோனியன் போதும். நெபுலா என்கிற வாயு மேகத்தைப் படம் எடுக்க நட்சத்திரத்தோடு கூடவே நகரும் மவுண்ட் வேண்டும், அது வேறு செலவு. கண்ணால் பார்க்கும்போது நெபுலா சாம்பல் நிறத்தில்தான் தெரியும், அதையும் மனதில் வைத்துக்கொள்.

உனக்கு என் யோசனை: 10x50 பைனாகுலர் ஒன்று வாங்கு. ஏரிக்கரை இருட்டில் கார்த்திகைக் கூட்டமும் ஒமேகா சென்டாரியும் அதிலேயே தெரியும், வானத்தின் வழியும் பழகும். மிச்சப் பணத்தை 8 இன்ச்சுக்கு வை. அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால் மேஜை மேல் வைக்கிற சின்ன டாப்சோனியன் பார், 100 அல்லது 114 மி.மீ., நெல்லிக்குப்பம் ஐயா சொன்ன அளவு டேப் பரிசோதனையோடு. நீட்டி மடக்கும் கால்கள் வைத்து ஆட்டம் போடுகிற ஸ்டாண்டோடு வருவதை வாங்காதே. அந்த விலைக்கு ஸ்டாண்டில்தான் மிச்சம் பிடித்திருப்பார்கள், கை பட்டாலே சனி துள்ளும்.

டாப்சோனியனில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் தெரிந்துகொண்டு வாங்கு. நம் ஊரில் கோள்கள் சில வருஷம் தலைக்கு நேர் மேலே ஏறிவிடும். உச்சந்தலைக்கு அருகே டியூப் செங்குத்தாக நிற்கும்போது கொஞ்சம் நகர்த்தவும் அடிப்பெட்டியை நிறையச் சுற்ற வேண்டியிருக்கும். 200 மடங்கில் சாதாரண ஐபீஸ் என்றால் வியாழன் ஒரு நிமிஷத்தில் பார்வையை விட்டு ஓடிவிடும். உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை. மாடித் தரையும் பகல் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி ஒன்பது வரை விட்டுக்கொண்டே இருக்கும். பத்துக்கு மேல் படம் தெளியும். டெலஸ்கோப்பை முக்கால் மணி முன்னாலேயே வெளியே வைத்துவிடு.

8 இன்ச் வாங்கும்போது மொத்தப் பணத்தையும் அதிலேயே போட்டுவிடாமல், 6 மி.மீ. அளவில் அகலப் பார்வை தருகிற ஐபீஸ் ஒன்றுக்கும் கொலிமேஷன் சரிபார்க்கிற துளையிட்ட மூடிக்கும் கொஞ்சம் ஒதுக்கி வை. உயரம் மாற்றக்கூடிய ஒரு ஸ்டூலும் வேண்டும். நின்று குனிந்து பார்ப்பவரைவிட உட்கார்ந்து பார்ப்பவருக்கு வியாழனின் பட்டைகள் அதிகம் தெரியும், கண் நிலையாக இருப்பதுதான் காரணம். அடுத்த அமாவாசைக்குப் பாகூர் கரைக்கு 6 இன்ச்சும் 8 இன்ச்சும் வருகின்றன. இரண்டையும் தூக்கிப் பார், இரண்டிலும் ஒரே நட்சத்திரக் கொத்தைப் பார், அப்புறம் பணத்தை எடு.