விடுதலையான பிறகும் இணையத்தில் நிற்கும் பெயர்: தீர்ப்பிலிருந்து நீக்கக் கேட்கலாமா?

கேள்வி: கொள்ளிடக்கரை வாசகி

என் தம்பி மீது 2015ஆம் ஆண்டில் ஓர் அடிதடி வழக்குப் பதிவானது. கீழ் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம், சம்பவ இடத்தில் அவன் இருந்தான் என்பதற்கே நம்பத்தகுந்த சாட்சியம் இல்லை என்று கூறி விடுதலை செய்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். சென்ற மாதம் அவனுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், கொடுத்த காபி ஆறுவதற்குள் எழுந்துவிட்டார்கள். பெண்ணின் தாய்மாமன் தம் கைபேசியை என் அம்மாவிடம் நீட்டிக் காட்டினார். தம்பியின் பெயரையும் ஊரையும் தேடினால் முதலில் வருவது அந்தத் தீர்ப்புதான். திரையில் தெரியும் இரண்டு வரிகளில் அவன் பெயரும் பிரிவு 326 (ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்தல்) என்பதும் இருக்கின்றன, விடுதலை என்ற சொல்லோ பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது.

தீர்ப்புகளைப் பூட்டி வைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பாகப்பிரிவினை வழக்கில், மகளுக்குப் பங்கு உண்டு என்று கூறிய பழைய தீர்ப்புகளை இணையத்தில் காசு கொடுக்காமல் நானே படித்து, எங்கள் வழக்கறிஞரிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வசதி மற்றவர்களுக்கும் இருக்க வேண்டும். என் தம்பியின் பெயரை மட்டும் மறைக்கச் சொல்லிக் கேட்க வழி உண்டா? அப்படிக் கேட்பது நியாயமா?

பதில் 1: மதுரை வழக்கறிஞர்

அம்மா, வழி இருக்கிறது, ஆனால் அது இன்னும் உறுதிப்படவில்லை. 1994இல் கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது தொடர்பாக எழுந்த ராஜகோபால் வழக்கில், ஒரு செய்தி நீதிமன்ற ஆவணத்தில் இடம்பெற்றுவிட்டால் அதன் மீது அந்தரங்க உரிமை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்கள் போன்றோருக்கு மட்டும் விலக்கு அளித்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த பிறகுதான் உங்களுடையதைப் போன்ற கோரிக்கைகளுக்குப் பிடிமானம் கிடைத்தது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர் தம் பெயரை நீக்கக் கோரியபோது, இதற்கென்று ஒரு சட்டம் இல்லாத நிலையில் நீதிமன்றம் அவ்வாறு உத்தரவிட முடியாது என்று 2021இல் தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, பெயரை மறைக்கவும், தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் இணையதளம் அந்தத் தீர்ப்பை நீக்கவும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நீதிமன்றப் பணிகளுக்குப் பல கடமைகளிலிருந்து விலக்கு அளித்திருப்பதால், அதை மட்டும் நம்பிப் போக முடியாது.

தீர்ப்பை நீக்கக் கேட்காதீர்கள். அந்த ஆவணம்தான் உங்கள் தம்பிக்குக் காப்பு. தலைப்பிலும் உள்ளேயும் பெயருக்குப் பதிலாக எழுத்துக் குறியீடு இடும்படியும், தேடுபொறி அந்தப் பக்கத்தைப் பெயர் வழியாகக் காட்டாதபடி செய்யவும் கேளுங்கள்.

பதில் 2: தருமபுரி களப்பணியாளர்

சகோதரி, உங்கள் வீட்டில் நடந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். இருந்தாலும் விடுதலை என்றாலே பெயரை மறைக்கலாம் என்று பொது விதி வகுப்பதை நான் எதிர்க்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களோடு நின்று பழகியவன் நான். சாட்சிகள் மிரட்டப்பட்டுப் பிறழ்சாட்சிகளாக மாறுவதாலேயே எத்தனையோ பேர் விடுதலையாகிறார்கள். ஒரே ஆள் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே விதமாகத் தப்பியிருக்கிறான் என்பதை ஒரு வழக்கறிஞரோ செய்தியாளரோ கண்டுபிடிக்க வேண்டுமானால், தீர்ப்பில் பெயர் இருந்தாக வேண்டும்.

அரசுப் பணியாளர்கள் குற்றம்சாட்டப்பட்ட வழக்குகளில் பெயரை மறைக்கும் பேச்சே எழக்கூடாது. பழங்குடியினர் ஊரான வாச்சாத்தியில் 1992இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய கொடுமைக்கு, 2011இல்தான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடு இருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த வழக்கில் வல்லுறவுக்கு ஆளான பெண்களின் பெயரை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்வது சரி. அதிகாரிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தால் அந்த மலையடிவார மக்கள் எதற்காக அத்தனை ஆண்டுகள் அலைந்தார்கள்? எனவே ஒவ்வொரு மனுவையும் நீதிபதி தனியே ஆராய்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். சாட்சியமே இல்லை என்று விடுவிக்கப்பட்ட உங்கள் தம்பிக்கு அந்த ஆய்வில் பயப்பட ஒன்றும் இல்லை.

பதில் 3: ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்

நகல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வழக்கில் தொடர்பில்லாத ஒருவர் ஆவண நகல் கேட்டால், அவர் நகல் மனுவோடு எதற்காகக் கேட்கிறார் என்று பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். நீதிமன்ற ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக அல்லாமல் அந்தந்த உயர் நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் கூறியது. அந்தக் காலத்தில் வழக்குக் கட்டு திறந்தே இருந்தது. ஆனால் அதைப் பார்க்க விரும்பியவர் படியேறி வர வேண்டியிருந்தது. சம்பந்தம் பேசப் போகும் தாய்மாமன் யாரும் அதற்காக வந்து வரிசையில் நின்றதில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. குடும்பத் தகராறு வழக்குகளில் குழந்தையின் பெயர், படிக்கும் பள்ளி, வீட்டுக் கதவு எண், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் மனுவில் உள்ளபடியே தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறோம். தட்டச்சு செய்த தாள் கட்டுக்குள் கிடந்தவரை யாருக்கும் கேடில்லை; இன்று அதே வரிகள் இணையத்தில் ஏறுகின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் மனுவைத் தாக்கல் செய்பவரே சிறுவர் பெயருக்கு முதலெழுத்தும், பிறந்த நாளுக்கு ஆண்டும், கணக்கு எண்ணுக்குக் கடைசி நான்கு இலக்கமும் மட்டும் எழுத வேண்டும் என்று விதி உண்டு. கேரள உயர் நீதிமன்றம் 2022இல், குடும்ப வழக்குகளில் தரப்பினர் கேட்டுக்கொண்டால் அவர்கள் விவரத்தை இணையதளத்தில் வெளியிடக் கூடாது என்றது. நம் ஊரிலும் மனு எழுதும்போதே இதைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

கேள்வி கேட்டவர்: கொள்ளிடக்கரை வாசகி

மூவருக்கும் நன்றி. தருமபுரி ஐயா சொன்னதை இரண்டு முறை படித்தேன். என் தம்பிக்குக் கிடைக்கும் மறைப்பு இன்னொருவனுக்குத் திரையாகிவிடக் கூடாது என்பதை ஏற்கிறேன். அதனால் தீர்ப்பு முழுவதும் அப்படியே இருக்கட்டும், தலைப்பில் பெயர் மட்டும் மாறட்டும் என்று கேட்டு மனு எழுதச் சொல்லியிருக்கிறேன், தம்பி கையெழுத்திட்டுவிட்டான். அந்தச் சென்னை வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை, அடுத்து யாராவது வீட்டுக்கு வந்தால் பதினான்காம் பக்கத்தை அச்செடுத்து முதலிலேயே கையில் கொடுத்துவிடுவது என்று அம்மா முடிவு செய்திருக்கிறார்.