குரங்குக்குத் தீனி போட்டால் தாமான் சங்கம் அபராதம் விதிக்கலாமா?

வேலியோரம்:
வணக்கம். நெகிரி செம்பிலான், பஹாவில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி). வரிசை வீடுகள், பின்னால் ஓர் அடுக்குமாடி. சனிக்கிழமை கோயிலுக்கு வருகிறவர்கள் வேலியோரம் வாழைப்பழம், ரொட்டி போடுகிறார்கள். இப்போது கெரா (நீண்ட வால் குரங்கு) கூட்டம் சமையலறைக்குள்ளேயே நுழைகிறது. "தீனி போட்டால் 100 ரிங்கிட்" என்று பலகை வைக்கலாமா?

பட்டா757:
பலகை வைக்கலாம், பணம் வாங்க முடியாது. தனிப் பட்டா வீடுகளின் குடியிருப்பாளர் சங்கத்துக்கு அபராத அதிகாரம் கிடையாது. அடுக்குமாடிக்கு உண்டு. ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் 2013 (சட்டம் 757) படி, 21 நாள் முன்னறிவிப்புடன் கூட்டம் போட்டு, முக்கால் பங்கு வாக்கில் சிறப்புத் தீர்மானம் எடுத்தால் கூடுதல் விதி சேர்க்கலாம். அபராதம் 200 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது.

விதியை எழுதும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "தீனி கொடுக்கக்கூடாது" என்றால், "நான் கொடுக்கவில்லை, வைத்தேன், அது தின்றது" என்பார்கள். "பால்கனி, படிக்கட்டு, கார் நிறுத்துமிடம், குப்பை அறை ஆகிய இடங்களில் விலங்குக்கு எட்டும்படி உணவை விட்டுவைக்கக்கூடாது" என்று எழுதுங்கள். பூனைத் தட்டும் அதில் அடங்கிவிடும்.

வேலிக்கு வெளியே சாலையோரம் என்றால் அது குப்பை போட்ட குற்றம். நெகிரி செம்பிலானில் திடக்கழிவுச் சட்டம் 672 நடப்பில் இருக்கிறது. படம், தேதி, நேரம், வண்டி எண்ணோடு எஸ்.டபிள்யூ.கார்ப்பிடம் (திடக்கழிவுக் கழகம்) புகார் கொடுங்கள்.

செம்பனைக்காடு:
சட்டம் ஒரு பக்கம். குப்பைத் தொட்டி திறந்து கிடந்தால் எந்த விதியும் உதவாது. மூடிமேல் கல் வைப்பது வீண், தள்ளிவிடும். மோட்டார் சைக்கிளில் சாமான் கட்டும் கொக்கி ரப்பரைக் கைப்பிடியிலிருந்து மூடிமேல் இழுத்து, முன்பக்க விளிம்பில் மாட்டுங்கள். லாரி வரும் காலையில் மட்டும் கழற்றுங்கள். மீன் தலை, கோழிக் கழிவை அதுவரை ஐஸ்பெட்டியில் கட்டி வையுங்கள். கூரைமேல் சாயும் ரம்புத்தான், மாங்கிளைகளை நன்றாக விலக்கி வெட்டுங்கள்.

வேலியோரம்:
நன்றிங்க. பெர்ஹிலித்தானிடம் (வனவிலங்குத் துறை) கூண்டு கேட்டால்?

செம்பனைக்காடு:
கேட்கலாம். ஆனால் ஆட்கள் பழம் போடும்வரை, பிடித்துப் போன கூட்டத்தின் இடத்துக்குத் தோட்டத்திலிருந்து அடுத்த கூட்டம் வரும். முதலில் தீனியை நிறுத்துங்கள், எல்லா வீடும் ஒரே வாரத்தில். நாலு வீடு நிறுத்தி ஒரு வீடு போட்டால் பயனில்லை. நிறுத்திய முதல் சில வாரம் அட்டகாசம் கூடும். பழகிய தீனியைத் தேடி ஓடு பிரிக்கும், கையிலிருக்கும் பிளாஸ்டிக் பையைப் பறிக்கும். அதற்குப் பயந்து மறுபடி போட்டால், அட்டகாசம் செய்தால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். அந்த நாட்களில் கடைச் சாமானைத் துணிப்பையில் கொண்டு போகச் சொல்லுங்கள்.

யாரும் விஷமோ கண்ணியோ வைக்க விடாதீர்கள். கெரா, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் பாதுகாக்கப்பட்ட விலங்கு.

கோயில் நிர்வாகத்திடம் பக்குவமாகப் பேசுங்கள். அனுமனை நினைத்துப் போடுகிறவர்களைத் திட்டினால் இருட்டில் வந்து போடுவார்கள். படையல் பழத்தை மூடிய வாளியில் வாங்கி, பூசை முடிந்ததும் பிரசாதமாகக் கொடுத்துவிடலாம்.

பட்டா757:
இதையும் அறிவிப்பில் சேருங்கள்: கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போக வேண்டும்.