ரிசார்ட் மெம்பர்ஷிப்பில் கையெழுத்துப் போட்டாச்சு, பணம் திரும்ப வருமா? அவசரம்

மடிப்பாக்கத்தான்:
நண்பர்களே, அவசரம். ஹோட்டலுக்குக் கூப்பிட்டு ஒரு ஹாலிடே மெம்பர்ஷிப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். கார்டு தேய்த்தாச்சு. இப்போது கேட்டால் ரத்து செய்ய முடியாது என்கிறார்கள். பணத்தை வாங்க ஏதாவது வழி இருக்கிறதா? வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

சேலம் ரமா:
எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டீர்கள்? எவ்வளவு கட்டினீர்கள்? கிரெடிட் கார்டா, டெபிட் கார்டா? ஒப்பந்த நகல் கையில் இருக்கிறதா? முடியாது என்று சொன்னது போனிலா, மெயிலிலா? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ரிடையர்டு பேங்கர்:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைத் தேடிப் படிக்கலாம், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டுமே. ‘இலவச டின்னர், மூன்று நாள் கோவா’ என்றதும் கிளம்பிவிடுகிறீர்கள். படித்தவர்கள்தான் இதில் முதலில் மாட்டுகிறார்கள்.

தஞ்சை வாசகன்:
ஜூஸ் கொடுத்தார்களா? என் மச்சானுக்கும் இப்படித்தான் நடந்தது. அதில் ஏதோ கலக்கிறார்கள் என்பது என் சந்தேகம். இல்லையென்றால் கடையில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற மனுஷன் லட்சக்கணக்கில் கையெழுத்துப் போடுவானா? உடனே 1930-க்கு போன் போடுங்கள்.

சேலம் ரமா:
1930 சைபர் மோசடிக்கு. இவர் நேரில் போய் அவரே பின் நம்பர் போட்டிருக்கிறார். இதற்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். ஜூஸ் விஷயத்தை விட்டுவிடலாம்.

முன்னாள் சேல்ஸ்:
ஜூஸில் ஒன்றும் இல்லை சார். இந்த வேலையைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். சத்தமாகப் பாட்டு ஓடும், மேஜைக்கு மேஜை ஒரு ஜோடி உட்கார்ந்திருக்கும். ஒருவர் கையெழுத்துப் போட்டால் மணி அடித்து எல்லோரும் கைதட்டுவோம். சாப்பாட்டை வேண்டுமென்றே தள்ளிப் போடுவோம். கணவன் மனைவி இரண்டு பேரும் வரவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது எதற்குத் தெரியுமா? ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று யாரும் எழுந்திருக்க முடியாது. முதலில் ஒருவன் நாலு லட்சம் என்பான். அப்புறம் ‘மேனேஜர்’ வருவார், இன்றைக்கு மட்டும் இந்த விலை என்பார். கணக்கெல்லாம் வெள்ளைத் தாளில்தான் எழுதிக் காட்டுவோம். அந்தத் தாளை வாங்கி வைத்திருக்கிறீர்களா?

மடிப்பாக்கத்தான்:
ஆபீஸில் இருக்கிறேன், சுருக்கமாக எழுதுகிறேன். மொத்தம் 2.75 லட்சம், 25 வருஷம். 70 ஆயிரம் மனைவியின் கிரெடிட் கார்டில், அதை அங்கேயே இ.எம்.ஐ. ஆக்கிவிட்டார்கள். மீதிக்கு ஏதோ வங்கிப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள், கேன்சல் செய்த செக்கும் கொடுத்தேன். தாள் என்னிடம் இல்லை, அந்த ஆள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மே மாதம் ஊட்டியில் ரூம் நிச்சயம் என்று எழுதிக் காட்டியது அதில்தான் இருந்தது. கம்பெனி பெயரை இங்கே போடலாமா?

நெறியாளர்:
பெயர் வேண்டாம். விஷயத்தை மட்டும் எழுதுங்கள்.

சேலம் ரமா:
இன்னும் தேதி வரவில்லை! அதுதான் முக்கியம்.

லண்டன் தம்பி:
இங்கே பிரிட்டனில் 14 நாள் சட்டமே இருக்கிறது. 2010-ம் வருஷ விதிகளின்படி காரணம் சொல்லாமல் விலகலாம், அந்த 14 நாளுக்குள் அவர்கள் ஒரு பைசா வாங்கக்கூடாது. ஐரோப்பாவிலும் அப்படித்தான். நம் ஊரில் கிடையாதா?

முன்னாள் சேல்ஸ்:
டைம்ஷேருக்கென்று, அதாவது இந்த மாதிரி ரிசார்ட் மெம்பர்ஷிப்புக்கென்று, தனிச் சட்டம் இங்கே இல்லை தம்பி. கம்பெனியே ஒப்பந்தத்தில் கொடுத்தால் உண்டு. நான் இருந்த இடத்தில் 10 நாள் இருந்தது, பின்பக்கம் பொடி எழுத்தில். கஸ்டமருக்கு வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு உத்தரவு. போன் செய்தால் ‘முடியாது’ என்றுதான் சொல்வார்கள். பதினோராவது நாள் வரை இழுத்தடிப்பதே வேலை. மடிப்பாக்கம் சார், பின்பக்கத்தைப் பாருங்கள்.

மடிப்பாக்கத்தான்:
போன சனிக்கிழமை ராத்திரி. ஒப்பந்தம் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு ரெக்கார்டிங் கால் வந்தது, எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்று சொன்னேன்.

முன்னாள் சேல்ஸ்:
அந்தக் கால்தான் அவர்கள் கேடயம். ‘வாய்மொழியாக வேறு எந்த வாக்குறுதியும் தரப்படவில்லை, சரியா?’ என்று நடுவில் ஒரு கேள்வி வந்திருக்கும். எல்லோரும் ஆமாம் என்பார்கள். பரவாயில்லை, இன்று வியாழன்தான். நேரம் இருக்கிறது.

குன்னூர் நிரந்தர விருந்தாளி:
எல்லாக் கம்பெனியையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது. என்னிடம் பல வருஷமாக மெம்பர்ஷிப் இருக்கிறது. மூணாறு, குடகு என்று குடும்பத்தோடு போகிறோம். திட்டமிடத் தெரிந்தால் லாபம். சீசன் இல்லாத மாதத்தில் புக் செய்யத் தெரியாதவர்கள்தான் புலம்புகிறார்கள்.

கோவை கணக்கு:
லாபமா? போட்டுப் பார்ப்போம். 2.75 லட்சத்தை எஃப்.டி.யில் போட்டால் 7 சதவீதத்துக்கு வருஷம் 19,250 ரூபாய் வட்டி. பராமரிப்புக் கட்டணம் 12 ஆயிரம் என்று வைத்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 14,160. மொத்தம் 33,410. வருஷத்துக்கு ஆறு இரவு தங்கினால் ஓர் இரவுக்கு ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேல். சாப்பாடு தனி. பராமரிப்புக் கட்டணம் வருஷா வருஷம் ஏறும், போகாத வருஷமும் கட்ட வேண்டும். அந்தப் பணத்துக்கு ஊட்டியில் பிடித்த ஹோட்டலில், பிடித்த தேதியில் தங்கலாம்.

குன்னூர் நிரந்தர விருந்தாளி:
மே மாதம் ஊட்டியில் ஐயாயிரத்துக்கு நல்ல ரூம் வாங்கிக் காட்டுங்கள், பார்க்கலாம்.

கோவை கணக்கு:
உங்கள் மெம்பர்ஷிப்பிலும் மே மாதம் கிடைக்காது ஐயா. நீங்களே ‘சீசன் இல்லாத மாதம்’ என்றுதானே எழுதினீர்கள்?

தஞ்சை வாசகன்:
மே மாதம் மலைக்கே ஏற விடுவார்களா? 2024-லிருந்து வண்டிக்கு ஈ-பாஸ், அதாவது ஆன்லைன் அனுமதி, வேண்டும். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று ஹைகோர்ட் கணக்கு வைத்தது. ரூம் இருந்தாலும் பாஸ் இல்லாவிட்டால் கல்லாறு சோதனைச் சாவடியிலேயே திரும்ப வேண்டியதுதான்.

குன்னூர் நிரந்தர விருந்தாளி:
உள்ளூர் மக்களுக்கு அது நல்லதுதான். மேட்டுப்பாளையம் ரோட்டில் மணிக்கணக்கில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

நெறியாளர்:
ஈ-பாஸ் பேச்சுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போங்கள்.

தஞ்சை வாசகன்:
சரி சரி. மடிப்பாக்கம் அண்ணே, ஒரே வழி, அந்தக் கணக்கில் இருக்கிற பணத்தை எல்லாம் எடுத்துவிடுங்கள். தவணை எடுக்க வந்தால் ஒன்றும் இருக்காது. என்ன செய்துவிடுவார்கள்?

ரிடையர்டு பேங்கர்:
இப்படி யோசனை சொல்கிறவர்களால்தான் பாதிப் பேர் சிக்கலில் மாட்டுகிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட ‘ஏதோ வங்கிப் படிவம்’ நாச் மேன்டேட், அதாவது தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுக்கத் தரும் அனுமதி. கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பினால், செக் பவுன்ஸ் மாதிரியே குற்றம். 2007 பணப்பட்டுவாடா சட்டம், பிரிவு 25. முதலில் கம்பெனிக்கு ரத்துக் கடிதம். அதன் நகலோடு உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் மேன்டேட்டை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்து, சீல் வாங்குங்கள். இந்த வரிசை முக்கியம். கார்டு இ.எம்.ஐ.யையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அது வங்கிக்குத் தரவேண்டிய கடன், கட்டாவிட்டால் சிபில் கடன் பதிவில் விழுவது உங்கள் மனைவி பெயர்.

சேலம் ரமா:
ஐயா, இதை முதல் பதிலிலேயே சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

ரிடையர்டு பேங்கர்:
கேள்வியை ஒழுங்காகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தூத்துக்குடி பாஸ்கி:
கார்டு வங்கியில் டிஸ்ப்யூட் போட்டால் சார்ஜ்பேக் வரும், அதாவது பணம் கார்டுக்கே திரும்பும். எனக்கு ஏர் டிக்கெட்டுக்கு வந்தது. ஒரு படிவம்தான். இதற்குப் போய் இத்தனை பேச்சு எதற்கு?

சேலம் ரமா:
பாஸ்கி, கார்டு வைத்திருப்பவரே பின் போட்ட பணத்தை மோசடி என்று வங்கி எடுத்துக்கொள்ளாது. ‘ரத்து செய்தேன், பணம் தரவில்லை’ என்று காட்ட எழுத்தில் ஆதாரம் வேண்டும். அதனால் எப்படிப் பார்த்தாலும் முதலில் கடிதம்தான். மடிப்பாக்கம் சார், இன்று ராத்திரியே மெயில் போடுங்கள். ஒப்பந்த எண், தேதி, ‘ரத்து செய்கிறேன், முழுப் பணத்தையும் திருப்பித் தரவும்’, அவ்வளவு போதும். கெஞ்சவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். மே மாத ஊட்டி பற்றி என்ன சொன்னார்கள் என்பதை ஒரு பத்தியில் எழுதிவிடுங்கள், பிற்காலத்துக்கு உதவும். நாளை காலை அதே கடிதம் ஸ்பீடு போஸ்டில், பட்டுவாடா ஆதாரத்தோடு. போனில் இனிமேல் பேசவே பேசாதீர்கள்.

மடிப்பாக்கத்தான்:
பின்பக்கத்தைப் பார்த்துவிட்டேன். 10 நாள் என்றுதான் இருக்கிறது. ஆனால் எல்லா வழக்கும் டெல்லி கோர்ட்டில்தான், ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு)தான் என்றும் போட்டிருக்கிறது. டெல்லிக்கு அலைய முடியுமா?

சேலம் ரமா:
அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஆர்பிட்ரேஷன் வரி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. ஒன்று மட்டும் கவனம்: ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று எழுதினால் மாநில ஆணையத்துக்குப் போ என்பார்கள். மாவட்ட ஆணையத்தில் போடுவதென்றால் ‘நியாயமற்ற வணிக நடைமுறை, சேவைக் குறைபாடு’ என்று எழுதுங்கள்.

முன்னாள் சேல்ஸ்:
இன்னொன்று. கொஞ்ச நாள் கழித்து யாராவது போன் செய்து ‘உங்கள் மெம்பர்ஷிப்பை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், ஜி.எஸ்.டி.யை மட்டும் முன்னால் கட்டுங்கள்’ என்பார்கள். உங்கள் பெயர், திட்டம், தொகை எல்லாம் சரியாகச் சொல்வார்கள். வைத்துவிடுங்கள்.

மடிப்பாக்கத்தான்:
மெயில், தபால் இரண்டும் போனது. மேன்டேட் ரத்துக்கு வங்கியில் சீல் வாங்கிவிட்டேன். கம்பெனி பதில்: பணம் தருகிறோம், ‘நிர்வாகச் செலவு’ என்று 15 ஆயிரம் பிடிப்போம். எல்லோருக்கும் நன்றி.

சேலம் ரமா:
ஒத்துக்கொள்ளாதீர்கள். பிடித்தம் உண்டு என்று ஒப்பந்தத்தில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று மெயிலில் கேளுங்கள். இல்லையென்றால் 1915-ல் புகார் பதிந்து அந்த எண்ணோடு மறுபடி எழுதுங்கள். பத்தியின் படத்தை இங்கே போட முடியுமா?

ரிடையர்டு பேங்கர்:
பணம் கார்டுக்கு வந்தாலும் இ.எம்.ஐ. தானாக நிற்காது. கஸ்டமர் கேருக்குச் சொல்லி முடிக்கச் சொல்லுங்கள். அதுவரைக்கும் ஓடிய வட்டியும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் உங்கள் கணக்குதான். முடித்து வைக்கக் கட்டணம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இதையும் பழைய இழையில் எழுதியிருக்கிறேன்.